எழுதினவனே சரி பாக்கக் கூடாது

இல்ல தம்பி, அந்தப் புது மெமரி கார்டைப் பையிலயே வைங்க. பிரிக்காதீங்க. பிரிச்சிட்டீங்கன்னா சங்கத்துத் தலையில கட்டிட்டுப் போயிடுவீங்க. இந்தப் பழசுலயே இன்னொரு தடவை எழுதிப் பாருங்க. நகத்தளவு சாமான், இது நம்மகிட்ட அடம் பிடிக்குதுன்னா வெளிய சொல்லிக்க முடியுமா? மெதுவாப் பண்ணுங்க. கீழ பொதுக்குழு அஞ்சு மணிக்குத்தான். இப்ப மூணே முக்கால்.

கதவா? நான்தான் சாத்தினேன். கீழ டயர் கடையில காத்து அடிக்கிறான், நான் பேசறது எனக்கே கேக்க மாட்டேங்குது. ஃபேன் வேணா போடறேன். இருங்க, இந்தக் காகிதம் பறந்துடும், மேல பூட்டை வச்சிடறேன். அது ஒண்ணுமில்ல, ஒரு நோட்டீஸ். அச்சுக்குப் போகணும். அப்புறமா காட்டறேன்.

என்ன பண்றீங்கன்னு வாய் விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க, நானும் கத்துக்கறேன். ஆமா, அது திங்கக்கிழமையே சொன்னீங்க. எறக்கின ஃபைல் சுருட்டி வச்ச மாதிரி இருக்கும், மொதல்ல அதைப் பிரிக்கணும். சுருட்டின போஸ்டரைச் சுருட்டினபடியே செவுத்துல ஒட்டினா எவன் படிப்பான், அதானே? அப்புறம் அந்த ஃபைலைத் தூக்கிக் கார்டுல போட்டா மட்டும் போதாது, கார்டு முழுக்க அச்சுக் குத்தற மாதிரி பதிய வைக்கணும். அதுக்குன்னு தனியா ஒரு சாஃப்ட்வேர். பாத்தீங்களா, பாடம் மறக்கல. நான் பள்ளிக்கூடம் போனது அஞ்சு வருஷம். மிச்சமெல்லாம் நோட்டீஸ் படிச்சுக் கத்துக்கிட்டதுதான். பஸ்ஸுல எறிஞ்சிட்டுப் போனது, பொட்டலம் கட்டிக் குடுத்தது, எல்லாம் படிப்பேன். அச்சுல வந்ததெல்லாம் உண்மைன்னு நெனைச்சுக்கிட்டிருந்த காலம் அது. அப்புறம் நானே எழுத ஆரம்பிச்சேன். அந்த நெனைப்பு போச்சு.

கார்டு ஓரத்துல எழுத விடாமத் தடுக்கற அந்தச் சின்னப் பூட்டு, அதைப் பாத்துட்டீங்களா? மேல தள்ளியிருக்கா? சரி. கார்டு சொருகற ரீடர் மாத்தியாச்சு. சாஃப்ட்வேரையும் மாத்தியாச்சு. திங்கக்கிழமை நாலு தடவை, இன்னைக்கு இது ரெண்டாவது. நடத்துங்க.

தோழர்னு கூப்பிடலியேன்னு பாக்கறீங்களா? நல்லா கவனிக்கிறீங்க. வயசாயிடுச்சு, வாயில எது வருதோ அதைச் சொல்றேன்.

இந்த டப்பாவை நீங்க கொண்டாந்து மாட்டின அன்னைக்கு நினைவிருக்கா? ரெண்டு வருஷம் இருக்கும். இந்தப் பக்கம் வெளிய இருந்து வர்ற ஒயரு, அந்தப் பக்கம் நம்ம கம்ப்யூட்டரு, நடுவுல இந்த டப்பா. ஃபயர்வால். நெருப்புச் சுவரு. பேரைக் கேட்டதுமே எனக்குப் பிடிச்சுப் போச்சு. நாப்பது வருஷமா மேடையில நான் கத்தாத நெருப்பா? இனிமே மேனேஜ்மென்ட்காரன் எட்டிப் பாக்க முடியாது, யாரு உள்ள வந்தாலும் போனாலும் இது குறிச்சு வச்சுக்கும்னு சொன்னீங்க. கமிட்டியில எல்லாரும் கை தட்டினாங்க. மச்சான்தான் கடைசியில எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டாரு. அந்தச் சுவத்துக்குச் சாவி யாருகிட்ட இருக்கும்னு. நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க, சாவின்னா பாஸ்வேர்டுதான், ஒண்ணு மச்சான்கிட்ட, இன்னொண்ணு உங்ககிட்ட, ஏதாவது ரிப்பேருன்னா வீட்டுல இருந்தே பாத்துக்கலாம், ஒவ்வொரு தடவையும் மாடி ஏறி வர வேண்டாம்னு. நல்ல ஏற்பாடுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

மச்சான்னா, என் தங்கச்சி வீட்டுக்காரரு. அந்த நாற்காலியில, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே அதுலதான், பதினெட்டு வருஷம் உக்காந்திருந்தாரு. பகல் ஷிஃப்ட் முடிச்சதும் நேரா இங்க வருவாரு. கணக்கு வழக்கு, கடிதம், கம்ப்யூட்டரு, எல்லாம் அவருதான்.

எவ்வளவு ஓடியிருக்கு? நாப்பது சதவீதமா? ஓடட்டும்.

தம்பி, எங்க சங்கத்துல ரெண்டு பழக்கம் உண்டு. எழுதி வச்ச சட்டமில்ல, ஆனா எவனும் மீறினதில்ல. ஒண்ணு போஸ்டரு. ஒட்டினவனே போய்ப் பாத்துட்டு வந்து ஒட்டியாச்சுன்னு சொன்னா நாங்க ஏத்துக்க மாட்டோம். மறுநாள் காலையில வேற ஒருத்தன் அந்தத் தெருவெல்லாம் நடந்து பாத்துட்டு வரணும். ஏன்னா ஒட்டினவன் கண்ணுக்கு அது ஒட்டிக்கிட்டுதான் தெரியும். கிழிஞ்சு தொங்கினாலும், எவனாவது மேல மாட்டு ஆஸ்பத்திரி விளம்பரம் ஒட்டியிருந்தாலும், அவனுக்கு அவன் போஸ்டருதான் தெரியும்.

இன்னொண்ணு நோட்டீஸு. எழுதினவனே சரி பாக்கக் கூடாது. நான் எழுதுவேன், மச்சான் அந்த நாற்காலியில உக்காந்து சத்தமா வாசிப்பாரு. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பேன். எங்கயாவது பொய் இருந்துச்சுன்னா அவரு குரல் எறங்கிடும். நிறுத்தவும் மாட்டாரு, திருத்தவும் மாட்டாரு. குரல் மட்டும் எறங்கும். நானே பேனாவை எடுத்து அடிச்சிடுவேன். எவ்வளவு நல்ல வரியெல்லாம் அப்படிப் போயிருக்கு தெரியுமா? கோவமா வரும் எனக்கு. ஆனா அடிச்சிடுவேன்.

முடிஞ்சிருச்சா? என்ன போட்டிருக்கு? வெற்றிகரமாக எழுதப்பட்டது. பச்சை எழுத்துல வேற. பேச்சுவார்த்தை முடிஞ்சு மேனேஜரு கை குலுக்கற மாதிரியே இருக்கு பாருங்க. அங்கயும் அப்படித்தான், எல்லாம் வெற்றி, போட்டோ கூட எடுப்பாங்க. மறுநாள் உள்ள போய்ப் பாத்தா பழைய ரேட்டு, பழைய மிஷினு, பழைய வசவு. சரி, டப்பாவுல மாட்டிப் பாருங்க.

என்ன வருது?

பழசுதானா. பழைய பாஸ்வேர்டு கேக்குதா? அட.

விடுங்க, முகத்தைத் தொடைங்க. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு, ஃபேன் ஓடுதே. இன்னொரு தடவை பாருங்க. இந்தத் தடவை முதல்ல எல்லாத்தையும் அழிச்சிட்டு, வெறும் பூஜ்யமா நெரப்பிட்டு, அப்புறம் எழுதினா? சரி, அதையும் பண்ணிடுங்க. நேரமாகும்னா ஆகட்டும்.

அதுவரைக்கும் மச்சான் கதையைச் சொல்றேன். உங்களுக்குப் பாதி தெரியும். மீதியைக் கேளுங்க.

பதினோரு வாரம் ஆச்சு. நம்ம பேட்டரி ஃபேக்டரியில தட்டு வார்க்கிற பக்கம் வேலை பாக்கறவனுக்குக் கை நடுங்குது, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடறான், முப்பது வயசுல முடி கொட்டுது. ஈயம். ரத்தத்துல ஈயம் ஏறுது. மேனேஜ்மென்ட் டாக்டரைக் கேட்டா தண்ணி நிறைய குடின்னான். நாங்க வெளியூர் டாக்டரு ஒருத்தரைப் பிடிச்சு, ரெண்டு ரெண்டு பேரா லீவு போட்டு அனுப்பி, நாப்பத்தியோரு பேரோட ரத்தத்தைப் பரிசோதிச்சோம். வீட்டுல பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லாதேன்னு சொல்லித்தான் அனுப்பினேன். ரிசல்ட்டு வந்துச்சு. நாப்பத்தியோரு பேரு, பேருக்கு எதிர்ல ஒரு எண்ணு. மச்சான் அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினது ஒரு செவ்வாக்கிழமை. அதுக்கு அடுத்த திங்கக்கிழமை கோர்ட்டுல போடறதா இருந்தோம்.

வியாழக்கிழமை மேனேஜ்மென்ட் ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டாங்க. எங்க பட்டியல்ல இருந்த அதே வரிசையில. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. உள்ள போனவன் வெளிய வரும்போது ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு வர்றான். நான் ரத்தம் குடுக்கல, எனக்கு ஒரு நோயும் இல்லன்னு. சனிக்கிழமை முடியறதுக்குள்ள முப்பத்தெட்டு பேரு போட்டுட்டாங்க. போடாத மூணு பேருக்கும் வேலை இல்ல. கோர்ட்டுக்கு நாங்க என்னத்தைக் கொண்டு போறது? ரத்தம் குடுத்தவனே குடுக்கலன்னு எழுதிக் குடுத்துட்டான்.

அதே வரிசையில கூப்பிட்டாங்கன்னதும் எனக்குப் பத்திக்கிச்சு. பட்டியலைத் தொட்டது யாரு? மச்சான். சாவி யாருகிட்ட? மச்சான்கிட்ட. இன்னொரு சாவி இருந்தது என் புத்திக்கு எட்டல தம்பி. நீங்க வெளியாளு, எங்க சண்டையில உங்களுக்கு என்ன லாபம்னு விட்டுட்டேன். நாப்பது வருஷம் மேடையில எதிரியை அடையாளம் காட்டினவன், கூடச் சாப்பிட்டவனைத்தான் மொதல்ல பாத்தேன். அதுக்கு மேல ஒரு காரணம் வேற. அவரு பையனுக்கு அந்த மாசம்தான் ஃபேக்டரி ஸ்டோர்ல வேலை போட்டுக் குடுத்திருந்தாங்க. போதாதா?

மச்சான்தான் பட்டியலைக் காட்டிக் குடுத்தாருன்னு ராத்திரி பகல்னு பாக்காம எழுதினேன். என் வாழ்க்கையில எழுதினதுலயே நல்ல நோட்டீஸு அது. இப்பப் படிச்சாலும் கை தட்டத் தோணும். கூடவே சாப்பிட்டுக்கிட்டே எலும்பை எண்ணினவன்னு ஒரு வரி. அதை மனப்பாடமாச் சொல்றாங்க இன்னைக்கும்.

ஆனா பாருங்க, சத்தமா வாசிக்க ஆளில்ல. வாசிக்கிறவரைப் பத்தித்தானே எழுதியிருக்கு? அவர்கிட்டயே குடுத்து வாசிங்க மச்சான்னு சொல்ல முடியுமா? அதனால நானே வாசிச்சு, நானே சரி பாத்து, நானே அச்சுக்குக் குடுத்தேன். நாப்பது வருஷத்துல வேற ஒருத்தர் வாசிக்காமப் போன ஒரே நோட்டீஸு.

ரெண்டாயிரம் பிரதி. கேட்டுல நின்னு நானே குடுத்தேன். மச்சான் கையிலயும் ஒண்ணு குடுத்தேன். வாங்கிக்கிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் இங்க வந்தாரு. கீபோர்டைத் துணியால தொடைச்சாரு. ஆபீஸ் சாவியை மேசையில வச்சாரு. அண்ணே, ஃபைலுக்கெல்லாம் வரிசையா எண்ணு போட்டு வச்சிருக்கேன், பாத்துக்கங்கன்னாரு. அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. பேசாததையே நான் ஒப்புதலா எடுத்துக்கிட்டேன். அடுத்த கூட்டத்துல அதைச் சொல்லிக் கை தட்டல் கூட வாங்கினேன்.

வார்த்த ஈயத் தட்டு அடுக்கைத் தூக்க ரெண்டு ஆளு வேணும். இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். நோட்டீஸு வந்த நாள்ல இருந்து மச்சானுக்கு அந்தப் பக்கம் நிக்க எவனும் வரல. சூப்பர்வைசர் சொன்னாலும் நகர மாட்டேன்னு நின்னுட்டாங்க. நம்ம பசங்க, நான் வளத்த பசங்க, கட்டுப்பாடுன்னா என்னன்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன். எட்டு நாள் தனியாத் தூக்கினாரு. ஒன்பதாவது நாள் அடுக்கு சாஞ்சிருச்சு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. வீட்டுல செவுத்தைப் பாத்துப் படுத்திருக்காரு. தங்கச்சி என்னை வாசல்லயே நிறுத்திட்டா. இன்னைக்கு அஞ்சு மணிப் பொதுக்குழுவுல தீர்மானம் அவரைச் சங்கத்துல இருந்து நீக்கறதுதான். தீர்மானத்தை எழுதினதும் நான்தான்.

போன் அடிக்குது பாருங்க. எடுங்க, எடுங்க. வேண்டாமா? சரி.

இப்ப டப்பா விஷயம். திங்கக்கிழமை இது நின்னு போச்சு. இங்க நான் மட்டும்தான். உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க எப்பவும் நாலு நாள் கழிச்சு வர்ற ஆளு, கேட்டா உலகத்துல நீங்க மட்டும்தானான்னு கேப்பீங்க. சரி, எங்க தங்கச்சி பொண்ணு காலேஜ் கம்ப்யூட்டர் லேபுலதான் வேலை பாக்குது, அதைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்றேன்னு பேச்சுவாக்குல சொன்னேன். சொன்ன நாப்பதாவது நிமிஷம் மாடிப்படியில நின்னீங்க. மூச்சு வாங்கிக்கிட்டு. யாரும் தொடலையேன்னு கேட்டீங்க. எனக்கு அப்பவும் ஒண்ணும் தோணல. நம்ம மேல இவ்வளவு அக்கறையான்னு நெனைச்சேன். டீ கூட வாங்கிக் குடுத்தேன்.

வந்ததும் என்ன சொன்னீங்க? ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனம் இல்ல, மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா எழுதணும்னு. நாலு தடவை எழுதினீங்க. நாலு தடவையும் பச்சை எழுத்துல வெற்றி. நாலு தடவையும் பழசே எந்திரிச்சு வந்துச்சு. கார்டை வீட்டுக்குக் கொண்டு போய்ப் பாக்கறேன்னீங்க. நான் குடுக்கல. உங்களைச் சந்தேகப்பட்டு இல்ல தம்பி, சத்தியமா. சங்கத்துச் சாமான் வாசல் தாண்டணும்னா கமிட்டியில மூணு பேரு கையெழுத்து வேணும். ஸ்டேப்ளருக்கும் அதே சட்டம்தான். வெள்ளிக்கிழமை புதுக் கார்டோட வர்றேன், அதுவரைக்கும் இதை யாரும் எதுலயும் சொருகக் கூடாது, கம்ப்யூட்டரே போயிடும்னு சொல்லிட்டுப் போனீங்க.

போனீங்க. எனக்குப் போஸ்டர் பழக்கம். எழுதியாச்சுன்னு எழுதினவரு சொல்றாரு. வேற ஒருத்தரு போய்ப் பாக்கணுமில்ல? உங்களை வேவு பாக்கணும்னு இல்ல. கை தானாப் போகுது. செவ்வாக்கிழமை கார்டை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு லேபுக்குப் போனேன். ஆமா, மூணு கையெழுத்து இல்லாமத்தான். இந்த வயசுல மொத தடவையா சங்கத்துச் சட்டத்தை மீறினேன்.

எந்த முகத்தோட அந்தப் பொண்ணு முன்னாடி போய் நின்னேன்னு கேக்காதீங்க. அது என்னை நிமிந்து பாக்கல. கையை மட்டும் நீட்டுச்சு. கார்டை வாங்கி, படிக்க மட்டும் விடற மாதிரி ஏதோ பண்ணி, உள்ள பாத்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுச் சொல்லுச்சு. மாமா, இந்தக் கார்டு செத்துப் போச்சு. சாகற கார்டு சில நேரம் இப்படித்தான், என்ன எழுதினாலும் சரி சரின்னு வாங்கிக்கும், ஆனா ஒரு எழுத்து உள்ள பதியாது. பழசு மட்டும் பழசாவே இருக்கும். யாராலயும் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாதுன்னு.

அதனாலதான் சொல்றேன், அந்தப் பூஜ்யம் நெரப்பற வேலையை விடுங்க. ஓடட்டும்னா ஓடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. கரண்டுக்குத்தான் கேடு.

அப்புறம் அந்தப் பொண்ணு டப்பா எழுதி வச்ச குறிப்பைத் தொறந்துச்சு. யாரு எப்ப உள்ள வந்தாங்க, எவ்வளவு நேரம் இருந்தாங்க, எங்க இருந்து வந்தாங்க, எல்லாம் வரி வரியா. நீங்க சொன்ன மாதிரியேதான், குறிச்சு வச்சுக்கிச்சு. ஒம்பது வாரத்துக்கு முன்னாடி ஒரு தேதி வரைக்கும் இருக்கு, அதுக்கப்புறம் ஒரு வரி கூட இல்ல. அன்னைக்குத்தான் கார்டு உயிரை விட்டிருக்கு. கொஞ்சம் முன்னாடி செத்திருந்தா மச்சான் கதை முடிஞ்சிருக்கும்.

புதன்கிழமை. பட்டியல் ஏத்தின மறுநாள். மத்தியானம் ஒண்ணு பத்துக்கு ஒரு சாவி உள்ள வந்து ஒண்ணு இருபத்தொண்ணுக்கு வெளிய போயிருக்கு. மச்சான் சாவி இல்ல. அன்னைக்கு அந்நேரம் அவரு உலைக்குப் பக்கத்துல நிக்கிறாரு, ஃபேக்டரி வருகை மஸ்டர்ல இருக்கு. ரெண்டாவது சாவி. வீட்டுல இருந்து பாப்பேன்னு சொன்ன சாவி. ஆனா வந்த இடத்து நம்பரு உங்க வீட்டு நம்பரு இல்ல தம்பி. மேனேஜ்மென்ட் நம்ம கடிதத்துக்கு மெயில்ல பதில் போடுவாங்க இல்ல, தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளதுன்னு, அந்த மெயிலுக்குப் பின்னாடி அனுப்பின இடத்து நம்பரு ஒளிஞ்சிருக்குமாம். ரெண்டும் ஒண்ணு. ஃபேக்டரி கேட்டுல கேமரா மாட்டற வேலை உங்களுக்குத்தான் குடுத்திருந்தாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அவரு கெட்ட எண்ணத்துல சொல்லல. நல்ல பையன், நேரத்துக்கு வருவான்னு பாராட்டித்தான் சொன்னாரு.

உக்காருங்க. இன்னும் மணி ஆகல.

படியில சத்தமா? அவங்கதான். நாப்பத்தியோரு பேரையும் அரை மணி முன்னாடியே வரச் சொல்லியிருந்தேன். யாரு என்னன்னு ஒண்ணும் சொல்லல. மேல வேலை நடக்குது, முடிஞ்சதும் கூப்பிடறேன்னுதான் சொல்லியிருக்கேன். அடிக்க மாட்டாங்க, பயப்படாதீங்க. அடிக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நான் சொன்னா கேக்கற பசங்கதான், முன்னாடியெல்லாம்.

உங்களை என்ன சொல்லி மிரட்டினாங்களோ, என்ன குடுத்தாங்களோ, எனக்குத் தெரியாது. வீட்டுல கஷ்டமா இருக்கலாம். நெஜமாவே வேற யாராவது உங்க சாவியை எடுத்திருக்கலாம். போன தடவை நான் கேக்கல. கேக்காமலேயே ரெண்டாயிரம் அடிச்சேன்.

இந்தாங்க, அந்த நோட்டீஸு. பூட்டை எடுத்துடறேன். மொதப் பாராவுல என் பேரு இருக்கு. நான் என்ன பண்ணினேன், எப்படிப் பண்ணினேன், ஒண்ணு விடாம. ரெண்டாவது பாராவுல ஒரு பேருக்கு எடம் விட்டு வச்சிருக்கேன். மச்சான் நாற்காலியிலதான் இருக்கீங்க. சத்தமா வாசிங்க, படியில நிக்கறவங்களுக்கும் கேக்கட்டும். நான் கண்ணை மூடிக்கறேன். பொய்யான எடம் வந்தா நீங்க நிறுத்த வேண்டாம், குரலை எறக்கினாப் போதும். நான் அடிச்சிடறேன்.

ஆரம்பிங்க தம்பி.